காது போட்ட பெட்டி

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் அம்மாவும் சௌகரியம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. அவள் பழகிவிட்டாள், அவள் முனகலுக்கு நான்தான் இன்னும் பழகவில்லை. அத்தானுக்கு முதுகு எப்படி இருக்கிறது? மறுபடி லாரி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னாரா? மருமகள் படிக்கிறாளா, இல்லை உன்னைப் போல வாயாடுகிறாளா?

முதலில் என் சண்டையைத் தீர்த்துக்கொள்கிறேன். ஊர் உலகமெல்லாம் போனில் பேசிக்கொள்கிறது, நீ மட்டும் 'கடிதம் எழுது, கடிதம் எழுது' என்று உயிரை வாங்குகிறாய். போன மாதம் அம்மா கூப்பிட்டபோது இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாயாம். "அவ ஏண்டா இப்படிக் கத்துறா? நான் முட்டி வலிக்குதுன்னு சொன்னா, 'ஆமாம்மா, பரீட்சை நல்லா எழுதியிருக்கா'ங்கிறா" என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரிய தொழிற்சாலைக்காரி ஆகிவிட்டாய், யார் பேச்சையும் காதில் வாங்க உனக்கு நேரமில்லை. போகட்டும், எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்கிற அந்தப் பாடகியின் குழுவில் கிடார்க்காரர் வேலையை விடுகிறாராம். குழுவை நடத்துகிற கீபோர்டு மாஸ்டர் எங்கள் ஓட்டலுக்குச் சாப்பிட வந்தார். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "ஏப்ரல்ல ஒருநாள் கூப்பிடுறேன், வந்து வாசிச்சுக் காட்டுங்க" என்றார். அக்கா, எனக்கு முப்பத்தாறு வயது. பத்து வருடமாக இந்த ஓட்டலில் ஸ்பூன் சத்தத்துக்குப் பின்பாட்டு வாசிக்கிறேன். இந்தக் கதவு திறக்காவிட்டால் எனக்கு இன்னொரு கதவு இல்லை.

அவர்கள் பாட்டுக்கு மூன்று விதமான சத்தம் வேண்டும். என்னிடம் இருப்பது, காலால் மிதித்தால் கிடார் சத்தத்தை எதிரொலிக்க வைக்கிற ஒரே ஒரு பழைய டிலே பெடல். பெரிய கம்பெனிச் சரக்கு, செங்கல் கனம், ஒரே ஒரு சத்தம். புதிதாக வாங்க வேண்டும், மலிவாகத்தான் முடியும். எங்கள் ஓட்டலில் வாரத்தில் மூன்று நாள் வாசிக்கிற இன்னொரு கிடார்க்காரர் இருக்கிறாரே, மீசை, அவர் உங்கள் கம்பெனி பெடலைப் பார்த்துவிட்டு, "இது பெடல் இல்லப்பா, சோப்பு டப்பா. பாதிப் பாட்டுல நுரை வந்துரும்" என்றார். "அதை டெஸ்ட் பண்றது எங்க அக்கா" என்றேன். மீசை அவசரமாகக் கிடாருக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினார்.

எது நம்பி வாங்கலாம், எழுது. அத்தானுக்கு என் வணக்கம், குட்டிக்கு ஒரு குட்டு.

உன் தம்பி

*

ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். லாரி பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குட்டி ஒரு விரல் உயரம் வளர்ந்திருக்கிறாள். இப்போதெல்லாம் என் வலது பக்கமே ஒட்டிக்கொண்டு திரிகிறாள். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்.

போன் விஷயத்தில் என்னை நச்சரிக்காதே. நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிய தலைக்கு வீட்டுக்கு வந்தும் ஒரு குழாயைக் காதில் வைக்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

உனக்கு வந்த வாய்ப்பைப் படித்துவிட்டு அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "உன் தம்பிக்கு இனி நம்ம ஞாபகம் இருக்குமா?" என்றார்.

மலிவு என்பதால் எல்லாம் மோசம் என்று நினைக்காதே. உள்ளே ஓடுகிற சர்க்யூட் பெரிய கம்பெனிக்காரன் பெட்டியில் இருப்பதேதான். இங்கே மிச்சம் பிடிப்பது சுவிட்சிலும், ஒயர் செருகுகிற ஜாக்கிலும். அவன் சுவிட்சைத் தகரப் பெட்டியில் தனியாக முடுக்கி, அங்கிருந்து ஒயர் இழுப்பான். இங்கே சுவிட்சை நேராகச் சர்க்யூட் போர்டிலேயே ஈயத்தை உருக்கி, சால்டர் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். நீ காலால் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் போர்டின் முதுகில் விழுகிறது. சால்டர் சரியாகப் பிடித்திருந்தால் பத்து வருடம் தாங்கும். பிடிக்காவிட்டால் ஒருநாள் நடுப்பாட்டில் ஊமையாகிவிடும், கிடார் சத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். ஐந்து பெண்கள், ஐந்து மேஜை. பெட்டியைச் செருகி, கிடாரின் ஆறு கம்பியையும் ஒரே இழுப்பு, சுவிட்சில் பத்து மிதி, ஜாக்கைப் பிடித்து ஒரு திருகு. அப்போது அடியில் ஒரு சின்னக் கரகரப்பு வருகிறதா என்று கேட்க வேண்டும். ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி பட்டால் 'சுர்' என்று வருமே, அவ்வளவுதான் இருக்கும். வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வராவிட்டால் அடித்தட்டின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் ஒரு காது வரைவோம். 'காது போட்டாச்சா?' என்றுதான் இங்கே கேட்பார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு காது. என்னுடையது தோடு போட்ட காது, கீழே ஒரு புள்ளி இருக்கும். உன் கிடாரை நான் பிடுங்கி வாசித்ததற்கெல்லாம் அழுவாயே, அந்த வாசிப்புக்காகத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. பதினோரு வருடமாக ஒரே இழுப்பை இழுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு பாட்டும் வாசிக்கவில்லை.

கடையில் வாங்காதே. நானே பார்த்து அனுப்புகிறேன். கொஞ்சம் பொறு.

அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு ஒத்தடம் நடக்கிறது, கூடவே எனக்கு வசவும் நடக்கிறது.

கோபிக்காமல் படி. கடைக்குப் போய்விட்டேன். நீ சொன்ன காதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொண்டு போய், கண்ணாடி மேஜை மேல் ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினேன். கடைக்காரர், "சார், பூசணிக்காயா வாங்குறீங்க? வெட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பீங்களா?" என்றார். ஒரு காது நீளமாக, ஒரு காது முறுக்கிக்கொண்டு, ஒன்று காதா வெண்டைக்காயா என்றே தெரியவில்லை. பதினாறு பெட்டி கழற்றிய பிறகு தோடு போட்ட காது கிடைத்தது. ஒரு டிலே, ஒரு கிடாரைப் பல கிடாராகக் காட்டுகிற கோரஸ் ஒன்று. இன்னும் நாலு பெட்டி தள்ளி, சத்தத்தை முரட்டுத்தனமாக்குகிற டிஸ்டார்ஷன். மூன்றும் உன் காது.

கடையில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கூடத்தில் வாசிக்கும்போது ஒரு கம்பி அரை இழை இறங்கினாலும் நீ சமையலறையிலிருந்து கத்துவாய். எனக்கே தெரியாதது உனக்குக் கேட்கும். அந்தக் காது இப்போது என் கால் கீழே இருக்கிறது. பழைய செங்கல்லை அன்றைக்கே பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டேன். கழுதைச் சுமை தீர்ந்தது.

மீசையிடம் காட்டினேன். "அக்கா போட்டது" என்றேன். "ஏன், அக்கா வந்து மேடையில மிதிக்கவும் செய்வாங்களா?" என்றார். பொறாமை.

உன்னைக் கேட்காமல் வாங்கியதற்கு இரண்டு திட்டு திட்டி உடனே எழுது.

உன் தம்பி

*

மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. பதில் தாமதமாகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. அம்மா நலமா? அவள் கேட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

நீ கடையில் செய்த கூத்தைப் படித்தேன். பொறு என்றால் பொறுக்க உனக்கு எப்போதும் தெரியாது. பெட்டியின் பின் அட்டையில் ஓர் எண் இருக்கும். அது ஏழில் தொடங்குகிறதா என்று பார்த்து எழுது. சும்மா கணக்குக்குத்தான் கேட்கிறேன்.

புதுப் பெட்டி புதுச் செருப்பு மாதிரி. பழகாமல் தூர நடைக்குப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. மாஸ்டர் முன்னால் வாசிக்கும்போது பழைய டிலேயையே வை. விற்றுவிட்டால் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டுப் பார்.

என் வேலையில் ஒரு மாற்றம். சோதனை மேஜையை விட்டுவிட்டுப் புகார்ப் பிரிவுக்கு நானே கேட்டு மாறிக்கொண்டேன். கெட்டுப்போனதென்று திரும்பி வருகிற பெட்டிகளைப் பிரித்து, வாடிக்கையாளருக்குப் பதில் தட்டச்சு செய்கிற வேலை. ஹெட்போன் தேவையில்லை. ஏன் மாறினாய் என்று கேட்காதே, பதினோரு வருடம் போதும் என்று வைத்துக்கொள்.

மறக்காமல் எண்ணைப் பார்.

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? எழுத்தே சோர்ந்து தெரிகிறது. பால் குடி, நன்றாகத் தூங்கு. இங்கே அம்மா சுகம்.

எண் ஏழில்தான் தொடங்குகிறது. மூன்றும். ஏழு ராசி இல்லாத எண்ணா? பழைய செங்கல் விற்ற மறுநாளே போய்விட்டதாம், வாங்கினவன் யார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. அதை விடு.

நாள் குறித்தாயிற்று. ஏப்ரல் 12, காலை பதினோரு மணி, ஒத்திகைக் கூடத்தில். பாடகியும் வரக்கூடும் என்கிறார் மாஸ்டர். மூன்று பாட்டு. ஓட்டலில் பகலில் கூடம் காலியாக இருக்கும்போது நாற்காலிகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் டிலேயை மிதித்தபோது அடியில் மெலிதாக ஒரு கரகரப்பு வந்தமாதிரி இருந்தது. நீ எழுதியிருந்தாயே, இஸ்திரிப் பெட்டி, அதேபோல. சட்டென்று காலை எடுத்துவிட்டேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா காது போட்ட பெட்டி. அவளுக்குக் கேட்காத கரகரப்பு எனக்கு எங்கிருந்து கேட்கும்? பயத்தில் காது பொய் சொல்கிறது. கேபிளை மாற்றினேன், அதன் பிறகு ஒன்றிரண்டு தடவைதான் வந்தது. ஓட்டல் கரண்ட்டே சரியில்லை.

பன்னிரண்டாம் தேதி பதினோரு மணிக்கு என்னை நினைத்துக்கொள்.

உன் தம்பி

*

ஏப்ரல் 9

தம்பி,

நலம். அந்த டிலே பெட்டியை ஒத்திகைக்குக் கொண்டுபோகாதே. மற்ற இரண்டும்கூட வேண்டாம். மீசையிடமோ யாரிடமோ இரவல் கேள், இல்லாவிட்டால் வெறும் கிடாரை நேராக ஒலிபெருக்கி ஆம்பில் செருகி வாசி. ஏன் என்று பிறகு நேரில் சொல்கிறேன். அக்கா சொல்கிறேன், கேள்.

அக்கா

*

மே 6

பெறுநர்: பொறுப்பாளர், புகார்ப் பிரிவு

பொருள்: தங்கள் தயாரிப்பான டிலே பெடல் பழுது குறித்து

மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு,

வழக்கமாக நான் நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்குவேன். தங்கள் புகார்ப் படிவத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

தங்கள் நிறுவனத்தின் டிலே பெடல் ஒன்றைக் கடந்த பிப்ரவரியில் வாங்கினேன். அடித்தட்டின் உள்ளே பரிசோதகர் குறி இருக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கினேன். ஏப்ரல் 12 காலை பதினோரு மணிக்கு, எனக்கு வேலை தரக்கூடியவர்கள் முன்னிலையில் அதைப் பயன்படுத்தினேன். முதல் இரண்டு பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது. மாஸ்டர் தலையாட்டினார். மூன்றாவது மெதுவான பாட்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாடகி, யாரும் கேட்காமலே எழுந்து வந்து என்னுடன் மெல்லப் பாடத் தொடங்கினார். சரணம் முடிந்ததும் எட்டு ஆவர்த்தனம் கிடார் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். டிலேயை மிதித்தேன். இரண்டு சுரம் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை.

மறுபடி மிதித்தேன். கரகரவென்றது. மறுபடி மிதித்தேன். நான் தரையில் மண்டியிட்டுக் கேபிளைப் பிடுங்கி நேராக ஆம்பில் செருகுவதற்குள், அவர் பாட்டைத் தனியாகவே பாடி முடித்துவிட்டார். நன்றாகத்தான் பாடினார். மாஸ்டர் என்னிடம், "பரவால்ல தம்பி. வெளிய இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்காரு, அவரை வரச் சொல்லுங்க" என்றார். நானே போய்க் கூப்பிட்டேன்.

பழுதான பெடலை இத்துடன் அனுப்பியுள்ளேன். படிவத்தில் 'பரிசோதகர் குறி' என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். பெட்டியைத் திறந்தால் தாங்களும் அதைக் காணலாம்.

எனக்கு மாற்றுப் பெடல் வேண்டாம். அது எப்படித் தேர்ச்சி பெற்று வெளியே வந்தது என்பதை மட்டும் தாங்கள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

*

மே 20

அன்புடையீர்,

தங்களின் 6.5 தேதியிட்ட கடிதமும் பழுதான பொருளும் கிடைக்கப்பெற்றோம். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

எமது தயாரிப்புகள் அனைத்தும் அனுபவமிக்க பரிசோதகர்களால் முறையாகச் சோதிக்கப்பட்ட பின்னரே விற்பனைக்கு அனுப்பப்படுகின்றன. தாங்கள் அனுப்பிய பெடலை ஆய்வு செய்ததில், அளவுக்கு மீறிய அழுத்தத்துடன் மிதித்ததன் காரணமாகவே சுவிட்சின் இணைப்பு விட்டுப்போயிருப்பது தெரியவருகிறது. வாடிக்கையாளரின் முறையற்ற பயன்பாட்டால் நேரும் பழுதுகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது.

தங்கள் தொடர்ந்த ஆதரவை வேண்டும்,
பொறுப்பாளர், புகார்ப் பிரிவு

*

ஜூன் 2

என் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. அம்மா எப்படி இருக்கிறாள்?

அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தது நான்தான். உனக்குத் தெரியாமல் இருக்காது. எந்தப் புகார் வந்தாலும் அதே வரிகள்தான் போக வேண்டும். மேலாளர் ஒவ்வொன்றையும் படித்துக் கையெழுத்துப் போட்டபிறகே உறை ஒட்டுவார். ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல இதை எழுதவில்லை. தனியாக அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பதின்மூன்று நாள் கழித்துத்தான் எழுதுகிறேன்.

என் இடது காது போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் 'கிர்' என்று ஒரு சத்தம் தொடங்கியது. பிறகு அந்தச் சத்தம் மட்டும்தான் மிச்சம். வலது காதில் பெரிய சத்தம் எல்லாம் கேட்கும், மெலிதானது எதுவும் கேட்காது. போனில் எல்லா வார்த்தையும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். அம்மா முட்டி வலி என்றாளா, குட்டியின் பரீட்சை என்றாளா, எனக்கு எப்படித் தெரியும்? குட்டி என் வலது பக்கம் வந்துதான் பேசுவாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும், அவளை வெளியே சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை உண்டு. தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும்; சத்தம் விட டாக்டர் பொத்தானை அழுத்தும்போது அவர் தோள் கொஞ்சம் அசையும். அதைப் பார்த்துப் பார்த்துக் கை தூக்கினேன். இரண்டு வருடமும் தேறிவிட்டேன். அத்தான் படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. நான் வேறு என்ன செய்வது?

மேஜையில் பெரிய சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன். அடியில் வருகிற கரகரப்பு எனக்குக் கேட்டதே இல்லை. வராததாக வைத்துக்கொண்டு காது வரைந்தேன். ஏழில் தொடங்குகிற சரக்கில் சுவிட்ச் மோசம், சால்டர் மோசம். மற்ற நாலு பேரும் அதில் பாதியைத் திருப்பி அனுப்பினார்கள். நான் எதையும் திருப்பவில்லை. 'உனக்குத்தான் கை வேகம்' என்று சூப்பர்வைசர் பாராட்டினார்.

மார்ச்சில் அவை திரும்பி வர ஆரம்பித்தன. அதனால்தான் இந்தப் பிரிவுக்கு மாறினேன். வருகிற பெட்டியை முதலில் திறப்பது நான். திறந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு என் குறியைத் துடைப்பேன். இதுவரை நாற்பதுக்கு மேல் துடைத்திருக்கிறேன். உன் பெட்டி வந்த அன்றும் ஸ்பிரிட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் திறந்தேன். அந்த இடம் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. நீயே துடைத்து அனுப்பியிருந்தாய். அதைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்து, நீ பலமாக மிதித்ததால் கெட்டது என்று தட்டச்சு செய்தேன்.

ஏப்ரல் 11 மாலை தெருமுனைப் பொதுப் போனில் உன் எண்ணைச் சுழற்றினேன். யாரோ எடுத்தது தெரிந்தது. நீயா அம்மாவா என்று தெரியவில்லை, என்ன கேட்கிறீர்கள் என்று புரியவில்லை. பயந்துபோய் வைத்துவிட்டேன்.

இனி எந்தப் பொய்யும் பாக்கி இல்லை. திட்டவாவது திட்டு.

அக்கா

*

ஜூலை 19

அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், துணைக்குச் சித்தி வந்து தங்கியிருக்கிறாள். உன் காதைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. வேண்டுமானால் நீயே சொல்.

ஆறு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன்.

ஏப்ரல் 11 மாலை அந்தப் போனை எடுத்தது நான். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. உன் மூச்சு எனக்குத் தெரியாதா? "அக்கா, அக்கா" என்று நாலு தரம் கூப்பிட்டேன். வாழ்த்துச் சொல்ல வந்து அழுகிறாய் என்று நினைத்து நானும் அழுதேன். நான் சொல்வது உனக்குக் கேட்காதுதான். கேட்பதற்குத்தானே காது வேண்டும்? சொல்வதற்கு வாய் போதுமே. 'அந்தப் பெட்டியை எடுக்காதே' என்று ஒரு வரி. எடுத்தவர் யாராக இருந்தாலும் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் பதினான்காம் தேதி வந்தது. என் கடிதம் உனக்கு இரண்டாம் தேதியே கிடைத்திருக்கும். நடுவில் ஏழு நாள் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். தபால் பிந்திப் போகட்டும், பழி தபால் மேல் விழட்டும் என்று இருந்திருப்பாய். உன் காது போனதற்கு உன் மேல் எனக்கு ஒரு துளிக் கோபம் கிடையாது. வேலைக்காக மறைத்ததும் எனக்குப் புரிகிறது. அந்தக் கரகரப்பை நான் என் காதாலேயே கேட்டேன் என்று உனக்கு எழுதினேன். என் காது பொய் சொல்லவில்லை என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உன் குறியைத் துடைத்தது உன் வேலை போகக் கூடாது என்பதற்காக. புகார் எழுதியது, என்னிடமாவது உண்மையைச் சொல்வாய் என்பதற்காக. நான் பலமாக மிதித்துவிட்டேன் என்று பதில் வந்தது. அதை நாலாக மடித்துக் கிடார்ப் பெட்டியில் வைத்திருந்தேன். போன வாரம்தான் கிழித்தேன்.

வேலை மீசைக்குக் கிடைத்தது. அன்று வெளியே காத்திருந்தது அவர்தான். கெட்டவர் இல்லை. ஒரு மாதம் கழித்து வந்து, "ஓட்டல்ல கிடந்து என்னடா பண்ணப் போற? என்கூட வா, என் பெட்டியெல்லாம் பாத்துக்க" என்றார். போய்விட்டேன். இப்போது நானும் அந்தப் பாடகியின் குழுவில்தான் இருக்கிறேன், மேடைக்குப் பின்பக்கம். நான் யார் என்று அந்தம்மாவுக்கு ஞாபகமில்லை. "தம்பி, அந்த ஒயர் காலைத் தடுக்குது பாருங்க" என்கிறார். கச்சேரிக்கு முன்னால் மீசையின் ஆறு பெடலையும் வரிசையாக வைத்து, ஆறு கம்பியையும் இழுத்து, ஒவ்வொன்றையும் பத்துத் தரம் மிதித்துப் பார்த்து, "எல்லாம் சரி" என்று சொல்வது என் வேலை. அவர் என் வார்த்தையை நம்பி வந்து நிற்பார். ஒருமுறைகூடத் தானாக மிதித்துப் பார்த்ததில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். அந்த வார்த்தை வரவில்லை. வேறொன்று சொல்கிறேன்.

இன்று மத்தியானம் அவருடைய கோரஸ் பெட்டியில் கரகரப்புக் கேட்டது. சந்தேகமே இல்லை, மூன்று தரம் கேட்டேன். மீசை பக்கத்தில்தான் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "என்னடா, எல்லாம் சரியா?" என்றார். தலையாட்டினேன். கச்சேரி ஆறு மணிக்கு. இப்போது ஐந்தேகால். மேடைக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

தம்பி